ஈய உலையும் அண்டாக் கஷாயமும்

"உங்க கீழாநெல்லி பொய்யம்மா!"

அடைக்கலம் கஷாயக் குவளையை வைத்தியச்சி மருதாயியின் முன்னால் ணங்கென்று வைத்தான்.

மலையடிவாரத்தில் அவளிடம் மூலிகை கற்க வந்தவர்களில் அவன்தான் மூத்தவன். அவளைவிடவும் மூத்தவன். பிழைப்பு ஈயம் உருக்கும் உலையில், படிப்பு இவளிடத்தில்.

"என்ன ஆச்சுண்ணே?"

"எம் மக பூமயிலுக்கு மணிக்கட்டு தொங்கிப்போச்சு. ஒரு தம்ளரைத் தூக்க முடியல. ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. அவங்க மருந்தும் குடுக்கறேன், உங்க கஷாயமும் குடுக்கறேன். கொஞ்சம் இறங்குது, மறுபடி ஏறுது. எனக்குப் பயமா இருக்கும்மா."

மருதாயி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் ஒரு பச்சை விறகைச் செருகினாள். புகை எழும்பி அடைக்கலத்தின் முகத்தில் அடித்தது.

ஈரத்துணியை நீட்டினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்னொரு பச்சை விறகைச் செருகினாள். மறுபடியும் துணியை நீட்டினாள்.

"என்னம்மா விளையாட்டு இது! விறகை வெளிய இழுங்க!"

"ஏண்ணே, துணி பொய்யா?"

அடைக்கலம் நீட்டிய துணியையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்க மொதலாளி ஏதோ தர்மம் பண்றாராமே?"

"ஆமாம்மா. உலை வாசல்ல அண்டா நிறைய கஷாயம் வச்சிருக்காரு. உங்க பக்குவம்தான். குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போவோம். குடிச்ச தைரியத்துல கைகூடக் கழுவாமச் சாப்பிடுவோம். அதே துணியோட வீட்டுக்குப் போய்ப் பிள்ளையத் தூக்குவோம். புகை தெருவுக்குள்ள வருது, ஏதாவது செய்ங்கன்னு கேட்டா, 'அதான் கஷாயம் இருக்கே'ன்னு சிரிப்பாரு..."

சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"என் மருந்தை அந்த உலைக்குக் காவல் நிறுத்தியிருக்கான்" என்றாள் மருதாயி. வந்த கோபத்தில் பச்சை விறகை வெளியே இழுத்துப் போட்டாள்.

அடைக்கலம் கும்பிட்டுவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை முதலாளி சிங்கமுத்து வாசலில் நின்று தாமே கஷாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். புண்ணியத்தை அடுத்தவர் கையில் விடுவாரா அவர்!

அடைக்கலத்தின் முறை வந்தது. அவன் குவளையை நீட்டவில்லை. அண்டாவின் ஒரு காதைப் பிடித்தான். பின்னால் நின்றவன் எதற்கென்று கேட்காமலே மறுகாதைப் பிடித்தான்.

இருவரும் நேரே உள்ளே போனார்கள். உலைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்த நெருப்பின் மேல் அண்டாவைக் கவிழ்த்தார்கள்.

நெருப்பு சீறி அணைந்தது.

"அடப்பாவி, அது மருந்துடா!" சிங்கமுத்து அலறிக்கொண்டே ஓடி வந்தார்.

"ஆமா மொதலாளி. நோய் எங்க இருக்கோ, அங்கதானே குடுக்கணும்?"