பாயைத் தின்ற செவலி

செவலி என்ற வெள்ளாட்டுக்கு வளைந்து போவதென்றாலே ஆகாது. வேலி குறுக்கே நின்றால் முட்டித் தள்ளுவாள். புதர் குறுக்கே நின்றால் தின்றுவிட்டுப் போவாள். அவளுடைய சிநேகிதன் வளையன் அப்படியே நேர்மாறு. அவன் நண்டு. பிறந்த நாளிலிருந்து ஓர் அடிகூட நேராக வைத்தவன் இல்லை.

"முன்னால வாடான்னா எங்கயோ போறியே, உன்னையெல்லாம் எதுல சேக்குறது?" என்று செவலி அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவனும் கண்ணை உருட்டிச் சிரித்துக்கொள்வான். கடற்கரைத் தாழம்புதர் ஓரத்தில் இருவரும் அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள்.

ஒருநாள் காலையில் கருவாயன் என்ற காகம் வந்து தாழைமேல் உட்கார்ந்தது. கரைக்கும் எதிரே தெரியும் தீவுக்கும் சேதி சுமப்பது அதன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அதுவாக எடுத்துக்கொண்டது.

"செவலி, உன் தங்கச்சி சுட்டிக்கு நாள் நெருங்கிருச்சு. பௌர்ணமிக்குள்ள குட்டி போட்டுருவா. தலைப்பிரசவம் பாரு, நடுங்கிக்கிட்டு இருக்கா. அக்கா பக்கத்துல இருந்தாத்தான் ஆச்சுன்னு அழுவுறா."

செவலியின் வாயிலிருந்த தழை கீழே விழுந்தது. போன வருஷ வெள்ளத்தில் ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு மிதந்துபோய் அந்தத் தீவில் ஒதுங்கியவள் சுட்டி. அங்கிருந்த தாடிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் தாய் இல்லாத பிள்ளைக்குத் தாயாக இருந்தவள் செவலி. பிரசவத்துக்கு அவள் போகாமல் யார் போவார்கள்? பௌர்ணமிக்கு ஆறே நாள்தான் இருந்தது.

"வளையா, கிளம்புடா" என்றாள்.

"எதுல கிளம்புறது அக்கா?"

யாரோ கைவிட்டுப் போன சின்ன வள்ளம் ஒன்று மணலில் கிடந்தது. அதில் பாய்மரம் இருந்தது, சுக்கான் இருந்தது. பாய்தான் இல்லை. செவலி பனையோலையைப் பல்லால் கிழித்துக் கொடுக்க, வளையன் கொடுக்கால் முடைந்தான். மறுநாள் காலை பாய் ஏறிவிட்டது. சுக்கான் வளையனிடம். பாயின் கயிறு செவலியின் பல்லில். ஆட்டுக்குக் கை ஏது?

தீவு நேர் கிழக்கே இருந்தது. காற்றும் நேர் கிழக்கிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. செவலிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? "நேராப் போடா" என்றாள். வள்ளத்தின் மூக்கைத் தீவுக்கு நேரே நிறுத்தினார்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. வள்ளம் பின்புறமாகவே நகர்ந்து, புறப்பட்ட மணலில் வந்து இடித்தது. செவலிக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்று காற்றை ஒரு முட்டு முட்டினாள். நிலை தவறித் தண்ணீரில் விழுந்தாள்.

அன்று முழுக்க இதே கதைதான். ஒன்பது தடவை போனார்கள், ஒன்பது தடவை திரும்பினார்கள். கருவாயன் எண்ணிக்கொண்டிருந்தது.

அதற்கு மறுநாள் வளையனுக்குக் கொடுக்கு வலி. சுக்கானை நேராகப் பிடிக்க முடியவில்லை. தன் வழக்கப்படி பக்கவாட்டில் சாய்ந்து இழுத்தான். வள்ளம் தென்கிழக்கே சரிந்தது. பாய் சட்டென்று புடைத்தது.

"எங்கடா போறே? தீவு அங்க இருக்கு" என்று செவலி பல்லிடுக்கில் முனகினாள்.

"எனக்கு இப்படித்தான் அக்கா போக வரும். கொஞ்சம் திரும்பிப் பாரேன்."

திரும்பிப் பார்த்தாள். கரைத் தாழம்புதர் ஒரு கோழிக்கூடு அளவுக்குச் சின்னதாகியிருந்தது. காற்று எதிரேதான் வீசுகிறது, ஆனாலும் வள்ளம் முன்னேறுகிறது. "இன்னும் கொஞ்சம் போயி இந்தப் பக்கம் திருப்பு பாப்போம்" என்றாள். வடகிழக்கே திருப்பினான். அப்படியும் முன்னேறியது. ஒரு தரம் இப்படி, ஒரு தரம் அப்படி என்று மாறி மாறிப் போனார்கள். மூன்று வருஷமாகக் கேலி செய்த நடையை அன்றைக்குத்தான் செவலி ஆசையோடு பார்த்தாள்.

நண்பகலில் பாதிக் கடல் தாண்டியாயிற்று. அப்போது காற்று விழுந்துவிட்டது. பாயின் ஓலை நுனிகூட ஆடவில்லை. வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. களைத்துப்போன வளையன் ஓட்டுக்குள் காலை மடக்கிக்கொண்டு கண்ணயர்ந்தான்.

செவலிக்குப் பசித்தது. கயிற்றுக்கு வேலை இல்லை, ஆகவே வாய்க்கும் வேலை இல்லை. எதிரே பனையோலை தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு நுனி சும்மா துருத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் கடித்தாள். ஒரு பக்கம் குறைந்தால் அசிங்கமாக இருக்குமே என்று மறுபக்கமும் கடித்தாள். வளையன் கண் விழித்தபோது காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பாய்மரம் மொட்டையாக நின்றது.

"அக்கா, பாய் எங்க?"

செவலி ஏப்பம் விட்டாள். பிறகு அழுதாள்.

காற்று அவர்களை வந்த வழியே தள்ளிக்கொண்டு போய்ச் சாயங்காலம் கரையில் சேர்த்தது. "அக்கா வரமாட்டா, பாயைத் தின்னுட்டான்னு சுட்டிகிட்ட சொல்லிரவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கருவாயன் பறந்தது. வளையன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது செவலிக்கு இன்னும் சுட்டது.

"ஏன்டா பேசாம இருக்கே?"

"என்னத்தப் பேச? நாளைக்கு ஓலை கிழிக்கணும். நேரத்தோட தூங்கு."

ஆனால் செவலிக்குத் தன்னைப்பற்றித் தெரியும். நாளையும் காற்று விழும். நாளையும் பசிக்கும். இனிமேல் தின்னமாட்டேன் என்று சத்தியம் செய்யலாம், ஆனால் சத்தியம் செய்யும் வாயும் அதே வாய்தானே! வெகுநேரம் யோசித்தவள் விடிந்ததும் மேட்டுப்பக்கம் போய் ஆடாதொடை இலையைக் கொத்துக்கொத்தாகப் பறித்து வந்தாள். அவ்வளவு கசப்பு. பேருக்கேற்றபடி எந்த ஆடும் தொடாத செடி.

"இதைக் கல்லுல நசுக்கிப் புதுப் பாய் பூராவும் பூசு. நான் கெஞ்சினாலும் ஒரு இடம் விடாதே" என்றாள்.

முடைந்து, பூசி, காயவைக்க இரண்டு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் காலை புறப்பட்டார்கள். இந்தத் தடவை யாரும் "நேரா" என்று சொல்லவில்லை. நண்பகலில் காற்று விழுந்தது. செவலிக்குப் பசித்தது. ஒரே ஒரு நக்கு நக்கிப் பார்த்தாள். முகம் எட்டுக் கோணலாகப் போக, கடலில் துப்பினாள். வளையன் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடு குலுங்கச் சிரித்தான்.

காற்று மறுபடி எழுந்தபோது தீவு கிட்டத்தில் இருந்தது. மணலில் நிற்கும் சுட்டியைக்கூடப் பார்க்க முடிந்தது. வயிறு கீழே இறங்கி, கால் அகட்டி நின்றாள். ஆனால் கடைசியாக ஒரு திருப்பம் பாக்கி இருந்தது. தெற்கே விலகிப் போய்த்தான் கரையைப் பிடிக்க முடியும்.

வள்ளம் தெற்கே திரும்பியதும் சுட்டி பதறிப்போனாள். "அக்கா, எங்க போறே? என்னை விட்டுட்டுப் போகாத அக்கா" என்று அலறினாள்.

செவலியின் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. இதோ வந்துட்டேன்டி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கயிறு பல்லில் இருந்தது. பல்லிடுக்கில் முனகினால் வளையனுக்குக் கேட்கும், கரைக்குக் கேட்காது. வாயைத் திறந்தால் பாய் போகும், பாய் போனால் காற்று பழைய கரைக்கே தள்ளிக்கொண்டு போகும். நாளை பௌர்ணமி. அவள் பல்லை இறுக்கினாள். கண்ணீர் தாடியில் வழிந்தது. தங்கையின் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"இப்ப திருப்புறேன் அக்கா" என்றான் வளையன். வள்ளம் திரும்பியது. பாய் புடைத்தது. ஒரே ஓட்டமாகப் போய்த் தீவின் மணலில் மூக்கைச் செருகியது.

அன்று சாயங்காலமே சுட்டிக்கு வலி வந்தது. செவலி கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு பக்கத்திலேயே கிடந்தாள். இரண்டு குட்டிகள். இரண்டையும் நக்கித் துடைத்து எழுப்பிவிட்டாள் பெரியம்மா. இரண்டாவது குட்டி எழுந்ததும் முதல் எட்டைப் பக்கவாட்டில் வைத்தது. வளையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

சுட்டிக்குத்தான் மனத்தாங்கல் தீரவில்லை. "அவ்வளவு கூப்பிட்டேனே. ஒரு வார்த்தை பதில் சொல்லலையே அக்கா."

செவலி தங்கையின் நெற்றியை நக்கினாள். "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்டி."

போகிற இடம் எதிர்க்காற்றில் இருந்தால் வளைந்து போவதில் வெட்கமில்லை. பிடித்த கயிற்றை மட்டும் பசிக்காகவும் விடக்கூடாது, பாசத்துக்காகவும் விடக்கூடாது.