திராட்சைக் கறை

சேரேத் ஆற்றங்கரையில் இஸ்ரவேலரின் பாளயம் எட்டு நாளாக அசையாமல் கிடந்தது. மூட்டைகள் கட்டியாயிற்று. ஆடுகளை ஓட்டி வந்து சேர்த்தாயிற்று. மல்கியேல் மட்டும் இன்னும் சாகவில்லை.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்பு, கர்த்தர் தருவதாகச் சொன்ன கானான் நாட்டுக்குள் போகமாட்டோம் என்று அழுத கூட்டத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். அழுதவன் எவனும் அந்த நாட்டைப் பார்க்கமாட்டான் என்பது கர்த்தரின் தீர்ப்பு. கடைசி ஆளும் போன பிறகுதான் பாளயம் ஆற்றைக் கடக்கும்.

பக்கத்துக் கூடாரத்துத் திம்னாள் தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்ன யாமின், உன் போதகர் இன்னும் மன்னா அப்பம் கேட்கிறாரா?"

"கேட்கிறேன்! உன் பங்கையும் சேர்த்துக் கொண்டுவா!" என்று உள்ளேயிருந்து மல்கியேல் கத்துவார்.

யாமின் வனாந்தரத்தில் பிறந்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பதினைந்து வருஷமாக மல்கியேலின் சீஷன். ஆற்றுக்கு அப்பால் வழி பார்த்துவர மூன்று பேரை அனுப்பினார்கள். அதில் அவனும் ஒருவன். விடைபெற வந்தான். திரும்பி வரும்போது இவர் இருக்கமாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒன்று கேட்கவேண்டும், ஐயா. கோபிக்கக் கூடாது."

"கோபிப்பேன். கேள்."

"அன்று கானானை வேவு பார்த்து வந்தவர்கள் பொய் சொன்னார்களா?"

"கோட்டை என்றார்கள். கோட்டை இருந்தது. நெட்டையான ஆட்கள் என்றார்கள். இருந்திருப்பார்கள்."

"நல்லது எதையும் காட்டவில்லையா?"

மல்கியேல் வலது கையைத் தூக்கினார்.

"ஒரு திராட்சைக் குலை. இரண்டு பேர் தோளில் கம்பு வைத்துத் தூக்கி வந்தார்கள். சரக்கைக் காட்டாமல் பேசினால் சந்தேகப்படலாம். சரக்கையே நடுப் பாளயத்தில் இறக்கிவிட்டார்கள். நான் ஒரு பழம் பிடுங்கித் தின்றேன்."

"இனித்ததா?"

"முப்பத்தெட்டு வருஷமாக வானத்திலிருந்து விழுகிற மன்னாவைத் தின்கிறேன். நாக்கில் நிற்பது இன்னும் அதுதான்."

"பிறகு எப்படி நம்பாமல் போனீர்கள்?"

அவர் இடது கையைத் தூக்கினார்.

"இதில் கல் இருந்தது. 'பயப்படாதீர்கள், போகலாம்' என்று வேவு பார்த்து வந்தவர்களிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அவர்களை அடிக்க எடுத்த கல்."

"தின்றுகொண்டேவா?"

"வாய் நிறைய. பழமே இத்தனை பெரிதென்றால், கொடியை வளர்த்தவன் எத்தனை பெரியவனோ, அவன் கையில் சாகப்போகிறோமே என்று நினைத்தேன். அந்தப் பழம் எனக்கென்றே கர்த்தர் கொடுத்தது என்று தோன்றவே இல்லை."

"எறிந்தீர்களா?"

"அதற்குள் கர்த்தரின் மேகம் இறங்கியது. தீர்ப்பும் வந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் என்று. எனக்கு இருபது முடிந்து மூன்று நாள்."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

யாமின் தண்ணீர் கொடுத்தான்.

"எனக்கும் பயமாக இருக்கிறது, ஐயா. நீங்களாவது தின்று பார்த்தீர்கள். நான் ஒரு திராட்சையைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அப்படி ஒரு நாடு உண்டா என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. நானும் வந்து கல்லைத்தான் எடுப்பேனோ?"

மல்கியேல் கூடாரத்தின் நடுக் கம்பைக் காட்டினார்.

"அந்தக் கறை என்ன?"

"விளக்குப் புகை."

"பதினைந்து வருஷமாக அதில் சாய்ந்து உட்காருகிறாய். நன்றாகப் பார்."

யாமின் எச்சில் தொட்டுத் தேய்த்தான். கரிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக மரம் ஊறியிருந்தது.

"குலை தொங்கின இடம்," என்றார் மல்கியேல். "எல்லாரும் அழுதுகொண்டே கலைந்த பிறகு இந்தக் கம்பு கேட்பாரில்லாமல் கிடந்தது. எடுத்துவந்தேன். பிடுங்கிக்கொண்டு போ."

"கூடாரம் விழுந்துவிடும். இந்த வெயிலில் நீங்கள் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டீர்கள்."

"பாளயத்தில் எல்லாருக்கும் அவசரம்தானே."

"உங்கள் வீட்டை நான் சாய்க்கமாட்டேன், ஐயா."

கூடப் போகிற இருவரும் வெளியே கூப்பிட்டார்கள். "யாமின்! ஆற்றில் இறங்கிவிட்டோம்!"

அவன் அசையவில்லை. மல்கியேல் தவழ்ந்து போய்க் கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மணல் இளகியது. கூடாரத் துணி அவர் தோள்மேல் சரிந்தது. கம்பை அவனிடம் நீட்டினார்.

"இது வீட்டுக்கு வெட்டின கம்பு இல்லையடா. பழம் சுமக்க வெட்டினது. நான்தான் நட்டுவைத்து உட்கார்ந்துவிட்டேன்."