பன்னிரண்டு பேர் தைத்த சால்வை

ராஜ்யம் இரண்டாக உடைந்தபோது பேத்கமோர் ஊர்க்காரர்களை யாரும் யோசனை கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் அது ஏழெட்டாக உடைந்திருக்கும்.

பேத்கமோர் என்றால் அந்த நாட்டுப் பாஷையில் கழுதை வீடு. பெயர் வைத்த புண்ணியவான் யோசித்துத்தான் வைத்திருக்கிறான். எருசலேமுக்கு வடக்கே ஒரு காய்ந்த ஓடையின் இரண்டு கரையிலும் பரவியிருந்தது அந்த ஊர். ஊருக்குப் பன்னிரண்டு மூப்பர்கள். பத்துப் பேரின் வீடு வடகரையில், இரண்டு பேரின் வீடு தென்கரையில். அறிவுக்கு மட்டும் எந்தக் கரையிலும் வீடு கிடையாது.

அன்று பன்னிரண்டு மூப்பர்களும் தென்கரையில், மாக்காள் என்கிற விதவையின் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மகள் அக்சாளுக்கும் வடகரைப் பையன் தோலாவுக்கும் கல்யாண நாள் குறிக்க வந்தவர்கள். நாள் இன்னும் குறித்தபாடில்லை. பயற்றங்கூழ் மட்டும் மூன்று தடவை வாங்கிக் குடித்தாயிற்று.

அப்போது உப்பு வியாபாரி ஒருவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"சங்கதி தெரியாதா உங்களுக்கு? பழைய ராஜா போய் மகன் வந்தாரில்லையா, ஜனங்க போய் 'சுமை தாங்கலை, கொஞ்சம் குறைங்க'ன்னு கேட்டாங்க. 'குறைக்கிறதா? கூட்டுறேன் பாரு'ன்னுட்டார் அந்தப் பிள்ளை. பன்னிரண்டு கோத்திரத்துல பத்து கோவிச்சுக்கிட்டு வடக்கே தனி ராஜா வச்சுக்கிட்டாங்க. இனி உங்க ஊர் ஓடைதான் எல்லை!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கரைக்கு ஒருவனாக இரண்டு சிப்பாய்கள் வந்து ஈட்டியை ஊன்றிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ஆணையைத்தான் கத்தினார்கள். இந்தக் கரையில் இருக்கிறவன் இந்தக் கரையிலேயே இருக்க வேண்டும், அந்தக் கரையில் இருக்கிறவன் அந்தக் கரையிலேயே இருக்க வேண்டும். மாக்காள் தன் வீட்டில் சம்மணம் போட்டிருந்த பத்து வடகரை வயிறுகளையும் பார்த்தாள். பிறகு பயறுப் பானையைப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

அக்சாளுக்கு வந்த கவலை வேறு. வடக்கு ராஜா கோட்டை கட்டப் போகிறாராம். வடகரை வாலிபர்களை நாளைக் காலையில் கல் சுமக்கக் கூட்டிப் போகிறார்களாம். போனால் தோலா எப்போது திரும்புவான், திரும்புவானா என்பதே யாருக்கும் தெரியாது.

துக்கச் செய்தி கேட்டால் உடுப்பைக் கிழித்துக்கொள்வது அந்த நாட்டு வழக்கம். மூப்பர்கள் மரியாதை தெரிந்தவர்கள். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிழி கிழித்துக்கொண்டார்கள்.

"இப்படி ஆகும்னு முன்னாடியே தெரியும்," என்றார் உப்பு வியாபாரி. "ஒரு தீர்க்கதரிசி புதுச் சால்வை ஒண்ணைப் பன்னிரண்டாக் கிழிச்சு, பத்துத் துண்டை வடக்கே ராஜாவாகப் போறவர் கையிலே கொடுத்தாராம். அவர் கிழிச்சார், இது பிரிஞ்சுது."

தலைமை மூப்பர் எல்தாத் துள்ளி எழுந்தார். "நிறுத்துங்க! யாரும் கிழிக்காதீங்க! துணி கிழிஞ்சதாலேதான் ராஜ்யம் பிரிஞ்சிருக்கு. இப்போ நாம பன்னிரண்டு கிழி கிழிச்சிருக்கோம். எந்தெந்த ராஜ்யம் போச்சோ!"

வடகரை மூப்பர் கெமுவேல் தன் அங்கியின் கிழிசலை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பாவம், எகிப்தையாவது காப்பாற்றலாம் என்று பார்த்தார்.

"கிழிச்சா பிரியும்னா, தைச்சா சேரணுமே?" என்றார் கெமுவேல்.

"சேரணும். ஆனா அந்தச் சால்வை நம்மகிட்ட இல்லையே," என்றார் இன்னொரு மூப்பர்.

"வேற புதுச் சால்வையைத் தைப்போம்."

"கிழியாத சால்வையை எப்படியய்யா தைக்கிறது?"

"முதல்ல கிழிக்கணும்."

"கிழிச்சா இன்னும் பிரியாதா?"

எல்தாத் தாடியை உருவினார். "பிரிஞ்சு போனதை மறுபடி எப்படிப் பிரிக்கிறது? அதனால இது சும்மா கிழிக்கிறது. கணக்கில வராது."

ஊரிலேயே புதுச் சால்வை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அக்சாள் தன் கையால் நெய்தது.

"ஐயா, வேண்டாம்!" என்று அவள் குறுக்கே விழுந்தாள். "அதைத் தோலா என் மேல விரிச்சாத்தானே எங்களுக்குக் கல்யாணம்? அதுதானே நம்ம வழக்கம்?"

"அதுக்குத்தானம்மா இவ்வளவு பாடும்! ராஜ்யம் சேர்ந்தாத்தானே மாப்பிள்ளை வர முடியும்? மாப்பிள்ளை வந்தாத்தானே சால்வையை விரிக்க முடியும்? அதனால சால்வையைக் கிழிக்கிறோம்," என்றார் எல்தாத்.

அக்சாள் பதில் சொல்வதற்குள் அது பன்னிரண்டு துண்டாகிவிட்டது. அவள் வாய்விட்டு அழுதாள்.

மூப்பர்கள் வட்டமாக, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆளின் துண்டோடு சேர்த்துத் தைத்தார்கள். ஊசி பிடித்துப் பழக்கமில்லாத கைகள். ஆனால் பக்தி இருந்தது. ஒவ்வொரு குத்தும் ஆழமாகவே விழுந்தது.

வேலை முடிந்து கெமுவேல் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார். பதினோரு பேர் கூடவே எழுந்தார்கள்.

"நீர் ஏனய்யா எழுந்தீர்?"

"நான் எங்கே எழுந்தேன்? என்னை எழுப்பினது நீர்தான்."

குனிந்து பார்த்தார்கள். துண்டோடு துண்டு சேர்ந்திருந்தது. சால்வையோடு அவரவர் அங்கியும் சேர்ந்திருந்தது. பன்னிரண்டு தலை, இருபத்து நாலு கால், ஒரே உடுப்பு.

எல்தாத்துக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. "சேர்ந்துடுச்சு! நாமளே நினைச்சாலும் பிரிய முடியாது! வாங்க, சிப்பாய்ங்ககிட்ட சொல்லி அவங்களை வீட்டுக்கு அனுப்பிடுவோம்!"

அந்த உருண்டை ஓடையை நோக்கி உருளத் தொடங்கியது. அக்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் சால்வை போற இடத்துக்கு நானும் போவேன்," என்று சொல்லி, சட்டென்று குனிந்து வட்டத்துக்கு நடுவே நுழைந்துகொண்டாள்.

தென்கரைச் சிப்பாய் ஈட்டியை நீட்டினான். பிறகு வந்த பொருளைப் பார்த்தான். பாதிப் பேர் முன்னால் நடக்க, மீதிப் பேர் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எதிர்க்கரைச் சிப்பாய்க்கும் அதே கதி.

அந்த நேரம் பார்த்துத் தோலா வடகரையிலிருந்து குதித்து ஓடிவந்தான். நடு ஓடையில் சால்வைக்கு அடியில் புகுந்து, அக்சாளின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் கையைத் தூக்கினான். சால்வை இரண்டு பேர் தலைமேலும் விரிந்தது.

"கல்யாணம் ஆச்சா?" என்று கரையிலிருந்து மாக்காள் கத்தினாள்.

"சால்வை மேலே, பிள்ளையும் பொண்ணும் கீழே, சுத்திப் பன்னிரண்டு சாட்சி. ஆச்சு, ஆச்சு!" என்றார் எல்தாத். "வாங்க, விருந்துக்குப் போவோம்."

அங்கேதான் வந்தது வினை. விருந்து என்றதும் எல்தாத்தும் இன்னொரு தென்கரை மூப்பரும் மாக்காள் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். பத்து வடகரை மூப்பர்களுக்கு அவரவர் வீட்டு அடுப்புப் புகை தெரிந்தது.

"இனிமேலும் பயற்றங்கூழா? விடுமய்யா!" என்று கெமுவேல் வடக்கே இழுத்தார்.

"பொண்ணு வீட்டு விருந்தை மதிக்காம போறதா?" என்று எல்தாத் தெற்கே இழுத்தார்.

டர்ரென்று ஒரு சத்தம். பத்துப் பேர் ஒரே கொத்தாக வடகரையில் போய் விழுந்தார்கள். இரண்டு பேர் தென்கரையில் விழுந்தார்கள். நடு ஓடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தலைமேல் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். அக்சாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தோலா அவள் கையை விடவில்லை.

சிப்பாய்கள் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து, தங்கள் கரையைச் சரிபார்த்தார்கள். ஆணையில் கரையைப் பற்றித்தான் பேச்சு, ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் தோளைக் குலுக்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே நடு ஓடையில் ஒரு கூடாரம் எழும்பிவிட்டது.

மறுநாள் காலையில் வடக்கு ராஜாவின் ஆள்பிடிக்கும் அதிகாரி வந்தார். "தோலா எங்கே?"

"இங்கே இல்லை," என்றது வடகரைக் கொத்து.

"இங்கேயும் இல்லை," என்றார்கள் தெற்கே.

"அப்போ அந்தக் கூடாரம் இருக்கிறது யாரோட நிலம்?"

எல்தாத் கரையோரம் வந்து, மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சத்தம் போடாதீங்க ஐயா. அது நிலம் இல்லை, தையல். ராஜ்யத்துல மிச்சம் இருக்கிறது அந்த ஒரு தையல்தான். அதையும் பிடுங்கிட்டுப் போனா, உங்க ராஜாகிட்ட என்ன பதில் சொல்வீங்க?"

அதிகாரி கூடாரத்தைப் பார்த்தார். ஒட்டித் தைக்கப்பட்டபடி நின்ற பத்து மூப்பர்களைப் பார்த்தார். இது தொத்துகிற வியாதியாக இருக்கலாம் என்று தோன்றியதோ என்னவோ, கோவேறு கழுதையைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் விடிந்ததும் மூப்பர்கள் ஓடையில் கூடினார்கள். வடக்கே பத்துப் பேர் தோலாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள், தெற்கே இரண்டு பேர் அக்சாளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே மற்றக் கையால் ஒருவரை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

"தையல் கெட்டியாத்தான் இருக்கு," என்று எல்தாத் அறிவிப்பார். "ராஜ்யத்துக்கு இன்னிக்கு ஆபத்தில்லை. மாக்காள், கூழ் ஆயிடுச்சா?"