மாதையன் கிண்டிய களி

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. ஞானத்துக்கு வயது கிடையாது என்பார்கள். மாதையன் அதை நம்பித்தான் மாதம் ஒருமுறை கரட்டடி மடத்துக்கு நடந்து வருவார்.

அன்று ஒரு சிறு மூட்டை ராகியோடு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

அவர் தலைவராக இருக்கும் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு மறுநாள் கூட்டம். அதன் நாற்பது குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் கருப்பு ராகி விதைப்பவை. இப்போது அதை எடுப்பாரில்லை. மாவு மில்காரர்கள் பிஸ்கட்டுக்கும் சத்துமாவுக்கும் வெளுத்த மாவுதான் வேண்டும் என்று வெள்ளை ராகியைக் கேட்கிறார்கள். போன வருட விளைச்சலில் பாதி இன்னும் கிடங்கில் கிடக்கிறது.

வெள்ளைக்கு மாறிவிடலாம் என்றார் செயலாளர் முனிரத்தினம். கருப்பை விட்டால் நான் சங்கத்தையே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார் மாதையன். அவர் போனால் பாதிக் குடும்பங்கள் பின்னாலேயே போகும். முப்பது வருடச் சங்கம் இரண்டாக உடையும்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க சாமி. கருப்பை விடக் கூடாதுன்னு சொல்லுங்க."

சாமி மூட்டையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"களி போடலாமா தலைவரே?"

மாதையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மடத்துக் கல் ஏந்திரத்தில் ராகியைப் போட்டுச் சுற்றிக்கொண்டே பழங்கதையை ஆரம்பித்தார். அறுத்த கதிரைக் களத்தில் குவித்து மூடிவைத்தால் மூன்றாம் நாள் அது புழுங்கி ஊரே மணக்குமாம். சந்தைக்குப் போகும்போது அப்பா அவரை மூட்டைமேல் உட்காரவைத்து வண்டி ஓட்டுவாராம். அம்மா களி கிண்டும்போது துடுப்பு பானையில் மோதும் சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்குமாம். உருண்டையின் நடுவில் குழி பறித்து, அதில் மொச்சைக் குழம்பை ஊற்றி, "வாடா" என்று கூப்பிடுவாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. சாமி அடுப்பில் உலை வைத்தார்.

தண்ணீர் கொதித்தது.

"நீங்களே கிண்டுங்க. எனக்கு இந்த ஊர்க் கை வராது" என்றார் சாமி. அவர் தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லுச்சோறு தின்று வளர்ந்தவர்.

மாதையன் மாவை மொத்தமாகக் கொட்டித் துடுப்பைப் போட்டார். மாவு கட்டி கட்டியாகத் திரண்டது. உடைக்க உடைக்க அடிபிடித்தது. முதலில் அடுப்பைக் குறை சொன்னார், அப்புறம் விறகை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஒருவழியாக உருட்டி இலையில் வைத்துக் கீரைக் கடைசலை ஊற்றினார்கள். சாமி ஒரு துண்டைக் கிள்ளி, கடைசலில் புரட்டி வாயில் போட்டு விழுங்கினார். மாதையன் மென்றார். மென்றுகொண்டே இருந்தார். களி பல்லில் அப்பிக்கொண்டது. தண்ணீர் குடித்தார்.

அந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைகூடக் களியை மெல்லாது. புரட்டிப் போட்டால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். தஞ்சாவூர்க்காரர் விழுங்குவதையும் தான் மெல்லுவதையும் மாதையன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார். கவனித்ததும் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"கடைசியா எப்ப களி சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் சாமி.

"அம்மா இருந்தப்ப."

"அவங்க போய் எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

"இன்னைக்குக் காலையில?"

"இட்லி" என்றார் மாதையன். குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல இருந்தது அந்தக் குரல். வீட்டில் யாரும் ராகியைத் தொடுவதில்லை என்றும், விளைவதெல்லாம் நேரே கிடங்குக்குப் போய்விடுகிறது என்றும் தானாகவே சொன்னார்.

சாமி அடுத்த துண்டை விழுங்கினார்.

"அப்ப நாளைக்குக் கூட்டத்துல நான் என்ன சாமி சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நல்லா கிண்டத் தெரிஞ்சவங்களை விட்டுக் கிண்டச் சொல்லி, நாப்பது வீட்டுக்கும் இலை போடுங்க. மெல்லாம முழுங்குறவங்க வயல்ல கருப்பு இருக்கட்டும். மென்னு தின்றவங்க வெள்ளை விதைக்கட்டும். சங்கம் ரெண்டையும் விக்கட்டும்."

சங்கம் உடையாது என்று மாதையனுக்குப் புரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா உழுத நிலம் கண்முன் வந்து நின்றது.

"என் வயல்ல எதை விதைக்கிறது சாமி?"

சாமி இன்னொரு உருண்டையை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

"முதல்ல இதை முழுங்குங்க."