ஆணி அடிக்காத சிலுவை

மரமும் பறவையும் மனுஷனோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கடற்கரை ஊரில் விசேந்தி என்றொரு தச்சன் இருந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் தன் வேலையில் எவனும் கைவைக்கக் கூடாது, அப்படியொரு வீம்பு! தவக்காலம் நாற்பது நாளும் பூவரச மரத்தை இழைத்து இழைத்து ஆளுயரச் சிலுவை ஒன்று செய்தான்.

ஆணி மட்டும் சாமியார் மந்திரித்ததாக இருக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சாமியாரோ மறுநாள்தான் வருவார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று குறுக்கு மரத்தை நீளக் கயிற்றால் வரிந்து கட்டி, கரையில் நட்டுவைத்தான்.

அன்றைக்கே வந்தது காற்று. ஒரு கடல்புறா அலறிக்கொண்டு பறந்து வந்தது.

"விசேந்தி! உன் தம்பி தொம்மையோட கட்டுமரம் கவிழ்ந்துட்டு! கை முறிஞ்சு தத்தளிக்கான்!"

ஓடிப்போய்ப் பார்த்தான். அலை உடைகிற இடத்தில் தம்பியின் தலை முங்கி முங்கி எழுந்தது. விசேந்திக்கு நீச்சல் தெரியாது. ஊர்க் கயிறெல்லாம் ஆட்களோடு கடலுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது சிலுவையில் சுற்றிய கயிறுதான். அதில் கைவைத்தவன் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"ஐயோ ஆண்டவரே, உம்ம சிலுவையை நான் எப்படிப் பிரிப்பேன்? பாவமில்லையா?"

சிலுவையாய் நின்ற பூவரச மரத்துக்கு வந்ததே கோபம்! "ஏல, நான் இங்க வேடிக்கை பார்க்கவா நிக்கேன்? அவிழ்டா!"

அவிழ்த்தான். கயிற்றின் ஒரு முனையைக் குறுக்கு மரத்தில் முடிந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மரத்தைத் தம்பி பக்கம் வீசினான். இரண்டு தரம் தவறிப்போய், மூன்றாவது தரம் தொம்மை முறியாத கையால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கை தோலுரிய இழுத்துக் கரைசேர்த்த விசேந்தி, தம்பியைப் பளாரென்று ஓர் அறை அறைந்தான். அப்புறம் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

மறுநாள் சாமியார் மந்திரித்த ஆணிகளோடு வந்தார். சிலுவை ஈரம் காயாமல், மறுபடி கயிற்றுக் கட்டோடு நின்றது.

"ஆணி வேண்டாம் சாமி," என்றான் விசேந்தி. "அடிச்சா அவசரத்துக்குக் கழற்ற முடியாது. நாளைக்கும் ஆள் கடலுக்குப் போவாங்கல்லா?"

சாமியார் தொம்மையைப் பார்த்தார். ஆணிகளை அங்கிப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத் தொடங்கிய வழக்கம்தான். அந்தக் கரையில் எவன் சிலுவை செய்தாலும் கயிற்றால்தான் கட்டுவான். முடிச்சின் நுனியை, சின்னப் பிள்ளைக்கும் கை எட்டுகிற உயரத்தில் தொங்கவிடுவான்.