பவளத்தின் வால்முடி சொன்னது

முன்பொரு சமயம், தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் கட்டுத்தரையில் பவளம் என்றொரு பசு இருந்தது. பாதி ஜெர்சி, பாதி உள்ளூர். சித்திரை வெயிலில் மற்ற மாடுகளெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும்போது, பவளம் பாட்டுக்குச் சோளத்தட்டை மென்றுகொண்டு நிற்கும்.

ஆனால் அதன் மனசுக்குள் ஒரு பாரம் இருந்தது. முதல் ஈற்றில் ஒரு காளைக்கன்று நல்லபடியாகப் பிறந்தது. அதன்பின் சினையானபோது பாதியிலேயே கரு கலைந்து கன்றை வீசிவிட்டது. அடுத்த முறையும் அப்படியே.

கட்டுத்தரைச் சுவரில் மகுடம் என்ற காளையின் பெரிய படம் ஒட்டியிருந்தது. கன்று தங்காத அந்த இரண்டு முறையும் பவளத்துக்குப் போட்டது மகுடத்தின் சினை ஊசிதான். மகுடத்தின் மகள்கள் குடம் குடமாகக் கறப்பவர்கள் என்று அந்த வட்டாரமே பேசும். அதனால் படத்தில் இருந்தபடியே மகுடம் கொஞ்சம் தலை நிமிர்த்தித்தான் பேசும்.

"என் மகள்கள் இல்லாத ஊர் இந்தப் பக்கம் கிடையாது. குறை என்னிடம் இருக்க வழியில்லை" என்றது.

பவளமும் அப்படித்தான் நம்பியது.

பால்கேன் தினமும் சொசைட்டிக்குப் போய்வரும். பாலை ஊற்றிவிட்டு ஊர்ப்பேச்சை நிரப்பிக்கொண்டு திரும்பும். ஒருநாள் காலை அது வந்ததும் வராததுமாக, "உன்னை ராசியில்லாத மாடு என்கிறார்கள், பவளம். வெள்ளிக்கிழமை மாட்டுத் தரகர் வருகிறாராம்" என்றது.

பக்கத்தில் கட்டியிருந்த கருப்பி அசை போடுவதை நிறுத்தியது. தரகரோடு வண்டியேறிய மாடு எதுவும் திரும்பி வந்து அது பார்த்ததில்லை.

மாட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தவர் தோட்டக்காரர் நாச்சிமுத்து. வேண்டாம் என்று நின்றவள் அவர் மனைவி ரத்தினா. அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. ரத்தினா தனியாகவே ஆஸ்பத்திரிகளுக்குப் போய், தனியாகவே மாத்திரை தின்று, விரதமும் தனியாகவே இருந்தாள். பவளம் கன்றை வீசிய அன்று மாமியார், இந்த வீட்டில் எதுவுமே தங்குவதில்லை என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னதைப் பவளமும் கேட்டது. அன்று ரத்தினா கட்டுத்தரைக்கு வந்து பவளத்தின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே கால்நடை டாக்டர் ஷமீமா கோமாரி நோய்த் தடுப்பூசி போட வந்தாள். ரத்தினா நடந்ததை எல்லாம் சொன்னாள். டாக்டர் கேட்கக் கேட்க, ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பவளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது என்றாள். முன்பெல்லாம் ஒரு காளையின் தரம் தெரிய வேண்டுமென்றால் அதற்கு மகள்கள் பிறந்து, வளர்ந்து, கன்று போட்டு, கறந்து காட்ட வேண்டும். அதற்குள் காளைக்கே வயதாகிவிடும். இனி அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. வாலில் நாலு முடி பிடுங்கி அனுப்பினால் போதும், மாட்டுக்குள் மறைந்திருக்கும் குணத்தையும் குறையையும் படித்துவிடலாம் என்று அவள் சொல்லும்போது கண்கள் மினுங்கின.

"முடியப் பாத்து மாட்டச் சொல்றதுங்களா?" என்றார் நாச்சிமுத்து. ஜோசியம் கேட்பவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

"முடியில இல்லீங்க, முடியோட வேர்ல. தரகரக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க. நான் சொல்றவரைக்கும் இவள விக்காதீங்க."

டாக்டர் வாலில் நாலு முடியைச் சுரீரென்று இழுத்தாள். பவளம் காலை உதறியது. டாக்டரின் கையில் இருந்த முடி நடுங்கியது. "நான் ஈ ஓட்டப் பிறந்தவன். என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?" என்றது.

"எனக்கும்தான் என்னைப் பற்றித் தெரியவில்லை. போய்வா" என்றது பவளம்.

வெள்ளிக்கிழமை தரகர் வந்தார். ரத்தினா கட்டுத்தரை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா சொல்லட்டும் என்று தரகரை அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் டாக்டரின் ஸ்கூட்டர் வரப்பிலேயே நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடிவந்தாள். பவளத்துக்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது என்றாள். ரத்தினாவின் முகம் வாடியது. டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முழுசாகக் கேளுங்கள் என்றாள். அந்தக் குறை பவளத்திடம் இருப்பது பாதிதான். பாதி மட்டும் இருந்தால் எந்தத் தீங்கும் இல்லை, ஆயுசுக்கும் தெரியவே தெரியாது. மகுடத்தையும் சோதித்துப் பார்த்ததில், அதே குறையின் இன்னொரு பாதி அதனிடம் இருக்கிறது. இரண்டு பாதியும் ஒரே கன்றில் சேர்ந்துவிட்டால் அந்தக் கன்று தங்காது. மற்ற ஊர்களில் பல மாடுகளிடம் அந்தப் பாதி இல்லை. அதனால்தான் மகுடத்தின் பெயர் கெடவில்லை.

"இன்னொண்ணு சொல்லவா?" என்றாள் டாக்டர். "வெயிலைத் தாங்குற குணமும் பாலோட கெட்டியும் ஒரே மாட்டுல இவ்வளவு சேந்து நான் பாத்ததில்லீங்க. இவளயா விக்கப் பாத்தீங்க?"

நாச்சிமுத்து தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ரத்தினா பவளத்தைத் தடவியபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் தெரியுமுங்களா?"

"ஆமாங்க. ஒருத்தரை மட்டும் பாத்து என்ன சொல்ல முடியும்?"

நாச்சிமுத்து ரத்தினாவின் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம், ரத்தினா. நானும் வர்றேன். எனக்கும் பாக்கட்டும்."

ரத்தினா சட்டென்று குனிந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு வாளி ஊற்றினாள்.

எல்லோரும் போனபின் சுவரிலிருந்து மகுடம் தலையைத் தாழ்த்திக் கேட்டது. "என்னிடமும் குறை இருக்கிறதா?"

"என்னிடமும்தான் இருக்கிறது" என்றது பவளம். "அது முழுக்க என்னுடையது என்று இத்தனை நாள் சுமந்தேன். பாதிதான் என்று தெரிந்ததும் உடம்பே லேசாகிவிட்டது."

பவளத்துக்குச் சினைப்பருவம் வந்ததும் டாக்டர் சினை ஊசிக்கான பனிக்குடுவையோடு வந்தாள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை பொங்கி வழிந்தது. உள்ளே உறைந்திருந்த விந்துக்குச்சிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தன. டாக்டர் எடுத்தது ஓர் இளங்காளையின் குச்சி. பவளத்தின் குணங்களோடு ஒத்துப்போகும், அந்தக் குறை அறவே இல்லாத காளை என்று சோதித்துத் தேடிக் கொண்டுவந்திருந்தாள்.

அந்தக் குச்சிக்குப் பயம். "எனக்கு இன்னும் படம்கூட ஒட்டவில்லை. ஒரு மகள்கூடப் பிறக்கவில்லை. என்னை நம்பி எப்படி?" என்றது.

"உன்னைப் படித்துவிட்டார்களாம். என்னையும் படித்துவிட்டார்கள்" என்றது பவளம். "பிறகென்ன, வா."

பவளம் சினையானது. முன்பு கன்றை வீசிய மாதம் வந்தபோது கட்டுத்தரையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கருப்பி சத்தமாக அசை போடக்கூட இல்லை. பால்கேன் சொசைட்டியில் கேட்ட எதையும் சொல்லாமல் மூடியை இறுக்கிக்கொண்டது. அந்த மாதம் கடந்தது. ஒருநாள் காலை வயிற்றின் வலது பக்கம் உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. பவளம் திடுக்கிட்டு, பிறகு வாலைச் சுழற்றிச் சுழற்றி அடித்தது. "உதைக்கிறாள், உதைக்கிறாள்!" என்று கருப்பிதான் முதலில் கத்தியது.

ஐப்பசி மழை விட்ட ஒரு நடுப்பகலில் கன்று பிறந்தது. நாச்சிமுத்து ஓடிப்போய் வைக்கோல் பரப்பினார். ரத்தினா கன்றின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பவளம் நக்க நக்க, அந்த ஈரக்கன்று முன்கால் மடங்கி விழுந்தது, எழுந்தது, மறுபடியும் விழுந்தது, பிறகு நாலு காலையும் அகட்டி ஊன்றி நின்றேவிட்டது. மாமியார் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், பவளத்துக்குக் கருப்பட்டி எடுத்து வந்தாள்.

சீம்பால் குடித்து வயிறு நிறைந்த கன்று துள்ளத் தொடங்கிய நாளில் டாக்டர் வந்தாள். கன்றின் குட்டி வாலைப் பிடித்து நாலு முடி பிடுங்கினாள். கன்று வலி தாங்காமல் "அம்மா" என்று கத்திக்கொண்டு பவளத்தின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தது.

பவளம் அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது.

"அழாதே, கண்ணு. ஊர் உன்னைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், உன் வால்முடியே பேசிவிடும்."