குமிழில் ஒருவர்

சேலத்துப் பாத்திரக் கடைத் தெருவில் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. துலக்கி வாசலில் வைத்தால் ஏற்காடு மலை முழுசாக வந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். மலையில் மேய்கிற மாட்டின் கொம்புகூடத் தெரியும். குடத்தைச் சட்டென்று உள்ளே எடுத்துப் போனால் மலைமேல் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் தலை சுற்றும். நம்பாதவர்கள் ஏற்காட்டுக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம்.

குடத்தின் சொந்தக்காரர் அர்த்தநாரி. மனைவி காலமான பிறகு கடையை மூடிவிட்டுப் பாத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆன்லைனில் விற்க ஆரம்பித்தார். விற்கப் படம் வேண்டுமே! எடுத்தால் எல்லாப் பாத்திரத்திலும் அவரே நின்றார். குடத்தில் குண்டாக, டம்ளரில் ஒல்லியாக, கரண்டியில் தலைகீழாக.

ஆன்லைன் கம்பெனி படங்களைத் திருப்பி அனுப்பியது. பொருள் மட்டும் தெரிய வேண்டுமாம், ஆள் தெரியக் கூடாதாம்.

அப்படித்தான் அவர் ஃபர்சானாவிடம் சீடராகச் சேர்ந்தார். விற்பனைக்கு வரும் பொருள்களைப் படம் பிடிப்பதுதான் குருவின் தொழில். வயதில் குரு சீடருடைய மகளைவிடச் சின்னவர். அவருடைய மாடியறையில் சுவர், தரை, மேசை எல்லாம் வெள்ளைத் துணி. உள்ளே நுழைந்தால் ஊர் இருந்ததே மறந்துபோகும்.

"பாத்திரத்துல நான் தெரியறனுங்க அம்மணி. அதுல இருந்து எப்படி மறையறது?"

குரு மேசையில் மூடியும் கைப்பிடியும் வைத்த ஒரு தூக்குப்போசியை வைத்தார். அதைச் சுற்றி வெள்ளைத் துணியால் கூடாரம் கட்டினார். போன் கேமரா எட்டிப் பார்க்க மட்டும் ஒரு சின்ன ஓட்டை விட்டார்.

"இப்ப அதைச் சுத்தி வெறும் வெள்ளைதான். நீங்க வெளியே நிக்கறீங்க. அப்படி ஒரு ஆள் இருக்கறதே அதுக்குத் தெரியாது."

"அது எனக்குப் பழக்கந்தானுங்க," என்றார் சீடர்.

வித்தை சீக்கிரம் பிடிபட்டது. கொஞ்சம் அதிகமாகவே பிடிபட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பாத்திரத்தில் தெரியாமல் இருக்கப் பழகினவர், போகப் போக முடிதிருத்தும் கடைக் கண்ணாடியிலும் தெரியாமல் போனார். டீக்கடைக்காரர் அவருக்கு முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் டீ கொடுத்துவிட்டுக் கிளாஸ் கழுவப் போய்விடுவார். மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால், "அப்பா, வெறும் சுவர்தான் தெரியுது" என்று வைத்துவிடுவாள்.

படங்கள் மட்டும் பளிச்சென்று வந்தன.

ஒருநாள் மத்தியானம், வெயில் சாயும் நேரத்தில், சீடர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். குரு துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூலையில் அவருடைய டிபன் பாக்ஸ் மூடியபடி இருந்தது.

"அம்மணி, என்னை அழிக்கணும்."

"என்ன ஆச்சு ஐயா?"

"போன்ல டைமர் வெச்சிருந்தனுங்க. போசி மூடியில கைரேகை கண்ணுல பட்டுது. துடைக்கலாம்னு கூடாரத்துக்குள்ள தலையை விட்டேன். கிளிக்குனு எடுத்திருச்சு. பார்க்காம ஏத்திப்புட்டேன்."

குரு போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். மூடியின் உச்சியில் கொண்டைக்கடலை அளவுக்குக் குமிழ். குமிழுக்குள் ஒரு மனிதர் குனிந்து நின்றார்.

"பனியன்ல இருக்கற ஓட்டைகூடத் தெரியுது ஐயா. கேமரா நல்ல கேமராதான்."

"கிண்டல் பண்ணாதீங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்தலைன்னா ஆன்லைன் கடையையே எடுத்துருவோம்னு கம்பெனிக்காரன் எழுதிட்டான்."

"எடுத்தா எடுக்கட்டும். பென்ஷன் மாதிரி பழைய கடை வாடகை வருதுன்னு சொன்னீங்களே."

"சோத்துக்கு இருக்குதுங்க. ஆனா கடை போச்சுன்னா கூரியர்காரர் வரமாட்டாரு. என் வாசல் வரைக்கும் வர்ற ஆளு அவர் ஒருத்தர்தான்."

குரு படத்தில் இருந்த குமிழில் விரலை வைத்துத் தேய்த்தார். முதலில் பனியன் போயிற்று, பிறகு தோள், கடைசியில் முகம். வெள்ளை வந்து மூடிக்கொண்டது. புதுப் படத்தை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் கம்பெனியிடமிருந்து சரி என்று வந்தது.

"கடை பொழைச்சுது," என்றார் குரு.

சீடர் போகவில்லை.

"இன்னொன்னையும் அழிக்கணுங்க. அந்தப் படத்தைப் பார்த்துட்டு யாரோ கேட்டிருக்காங்க. எல்லாரும் பார்க்கற இடத்துல நிக்குது. மானம் போகுது."

பொருளுக்குக் கீழே, வாங்குகிறவர்கள் சந்தேகம் கேட்கும் இடம். எத்தனை லிட்டர் பிடிக்கும், மூடி இறுக்கமா என்றெல்லாம் கேட்பார்கள். அவற்றுக்கெல்லாம் அடியில் இது இருந்தது:

'மூடிக் குமிழில் ஒருத்தர் குனிந்து நிற்கிறார். ரொம்ப இளைத்திருக்கிறார். சாப்பிட்டாரா?'

"யாரு ஐயா இது?"

"தெரியலைங்க. வேதாரண்யம்னு மட்டும் போட்டிருக்குது."

"போசி வாங்கினாங்களா?"

"இல்லீங்க. இதை மட்டும் கேட்டிருக்காங்க."

"எப்ப?"

"காலையில."

குரு போனைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். "கேள்வியை அழிக்கற வித்தை எனக்குத் தெரியாது ஐயா. பதில்தான் போடணும்."

"அந்த ஆளுதான் இப்பப் படத்துல இல்லையே?"

"கேட்டவங்க இருக்காங்களே."

சீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்துவிட்டு, பரீட்சைத் தாளைக் காட்டுகிற பையனைப் போல நீட்டினார்.

'இன்னும் இல்லைங்க.'

"உண்மைதான் ஐயா," என்றார் குரு. "ஆனா பதில் இன்னும் முடியலை."

"வேற என்னங்க இருக்குது? கேட்டதுக்குச் சொல்லியாச்சே."

"அவங்க சாப்பிட்டாங்களான்னு யார் கேக்கறது?"